கொரியப் பள்ளி வேலையும் ‘ஆக்சென்ட்’ வகுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எட். முடித்தவர்களைக் குறிவைத்து உலவும் ஒரு பேச்சைப் பற்றி இந்தக் கடிதம். தென்கொரியப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் வேலை காலியாக இருக்கிறதாம். ஆங்கில உச்சரிப்பில் நம் ஊர் வாடையை மட்டும் போக்கிவிட்டால் கிடைத்துவிடுமாம். அதற்கு மூன்று மாத அமெரிக்க ஆக்சென்ட் வகுப்பு போதுமாம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மாலத்தீவுக்கும் வளைகுடாவுக்கும் ஆசிரியர்கள் போவது பழைய வழக்கம் என்பதால், பலரும் கொரியாவையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது அந்தக் கணக்கில் அடங்காது. அங்கே ஆளெடுப்பில் உச்சரிப்புப் பாகுபாடு இருப்பது மெய்தான். ஆனால் அது எந்த வாசலில் நிற்கிறது என்று தெரியாமல் நாக்கைத் திருத்தப் பணம் கட்டினால், கட்டிய பணம் போனதுதான் மிச்சம்.

முதல் வாசலில் நாக்குக்கு வேலையே இல்லை. ஆங்கில உரையாடல் கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்குக் கொரியா தருவது ஈ-2 விசா. அதற்குப் பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்கள்தான் விண்ணப்பிக்கலாம்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வழிவந்த டர்பன் ஆசிரியை இதற்கு விண்ணப்பிக்கலாம். டொரன்டோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்த சிங்கப்பூர்க்காரருக்கு அனுமதி இல்லை. நைஜீரியருக்கும் ஜமைக்காக்காரருக்கும் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர் பேசும் ஆங்கிலம் லண்டன்காரருக்கே சில நேரம் பிடிபடாது. ஆனால் அவருடைய பாஸ்போர்ட் செல்லும். அப்படியென்றால் அளந்து பார்க்கப்படுவது உச்சரிப்பு இல்லை, பாஸ்போர்ட் தந்த நாட்டின் பெயர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களிடம் திரை வழியாக ஆங்கிலம் கற்கும் கொரியப் பிள்ளைகள் ஏராளம். விடுமுறையில் அந்நாட்டின் செபு, பாகியோ நகரங்களுக்கே அனுப்பிப் படிக்கவைக்கும் குடும்பங்களும் உண்டு. கட்டணம் குறைவு என்பதால் அங்கே உச்சரிப்பு உறுத்துவதில்லை. அதே பிலிப்பைன்ஸ்காரர் வகுப்பறையில் நேரில் நிற்க ஈ-2 கேட்டால் பட்டியலில் அவர் நாடு இல்லை.

இந்தியர்களுக்கு ஒரு தனி வாசல் இருக்கிறது. ஆக்சென்ட் வகுப்பு நடத்துகிறவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்தியாவும் கொரியாவும் 2009 ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்திட்ட விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம், சுருக்கமாக ‘சீபா’, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கணினி வல்லுநர், பொறியாளர் என்று இந்தியத் தொழில்முறையாளர்களுக்குக் கொரியா திறந்துவிட்ட பிரிவுகளில் ஆங்கிலத் துணை ஆசிரியரும் ஒன்று. விசாவின் உட்பிரிவு ஈ-2-91. இதற்குக் கேட்கும் தகுதிகள் பட்டமும், ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியத் தகுதியும். உச்சரிப்பைப் பற்றி அதில் நிபந்தனை இல்லை.

ஆனால் இந்த வாசலுக்குள் நுழையும்போது தடுக்கும் இடங்கள் சில உண்டு. பணியாற்ற முடிவது தொடக்க, இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் துணை ஆசிரியராக மட்டும். ‘ஹாக்வோன்’ எனப்படும் தனியார் டியூஷன் நிலையங்களுக்கு இந்த விசா செல்லாது. ‘சியோலில் ஹாக்வோன் வேலை, இந்தியர்களுக்கு உடனே’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வரியே போதும், நம்ப வேண்டாம். பி.எஸ்சி. கணிதமும் பி.எட். கணிதமும் படித்துவிட்டு, ஆன்லைனில் 120 மணிநேர ஆங்கிலப் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தாது; ஆங்கிலப் பாடத்தில் ஆசிரியத் தகுதி வேண்டும். நம் நாட்டில் ஆசிரியர் கையில் இருப்பது பி.எட். பட்டம்தான், மேலைநாடுகள்போலத் தனி லைசென்ஸ் அட்டை கிடையாது. கொரியப் படிவம் அந்த லைசென்ஸைக் கேட்கும். பி.எட். சான்றிதழ் அந்த இடத்தில் ஏற்கப்படுமா என்பதைச் சென்னையிலுள்ள கொரியத் துணைத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற செலவுகளைத் தொடங்குவதே புத்தி. சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பேச்சை வளர்க்கவே வேண்டாம். அனுமதியில்லாமல் கற்பித்துப் பிடிபட்டால் அபராதம், வெளியேற்றம், மறுபடி நுழையத் தடை என்று வரிசையாக வரும்.

சட்டத்தில் வாசல் திறந்திருந்தாலும், எந்தப் பள்ளியும் இந்தியரை எடுத்தே ஆகவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. பாகுபாடு உள்ளே வருவது இந்த இடைவெளியில்தான். அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர் எடுக்கும் ‘எபிக்’ திட்டம் 1995ல் தொடங்கியது. ‘வோனோமின்’ என்ற சொல் அங்கே நிலைத்துவிட்டது. தாய்மொழியாக அந்த மொழியைப் பேசுகிறவர் என்று அதற்குப் பொருள். வேலை அறிவிப்பில் அந்தச் சொல் வந்துவிட்டால், ஏழு நாட்டுப் பட்டியலுக்கு வெளியே இருந்து வரும் விண்ணப்பம் படிக்கப்படாமலே ஒதுங்கிவிடும். அதைத் தாண்டினால் புகைப்படம், அடுத்து ஓரிரு நிமிட அறிமுக வீடியோ, பிறகு திரை வழி நேர்காணல். உச்சரிப்பு காதில் விழுவதற்கு முன்பே முகம் பார்த்தாகிவிட்டது. முகம் காதைக் கெடுக்கும் என்பதற்கு அமெரிக்காவில் 1992ல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. ஒரே பெண்ணின் ஒரே ஒலிப்பதிவைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண் படம், இன்னொரு குழுவுக்குக் கிழக்காசியப் பெண் படம். இரண்டாவது குழுவுக்கு அதே குரலில் அந்நிய வாடை கேட்டது. மூன்று மாத வகுப்பால் இதை என்ன செய்ய முடியும்?

கொரியப் பெற்றோர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் எழுதும் ‘சுனங்’ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் 45 கேள்விகள். அவற்றில் 17 காதால் கேட்டு விடையளிப்பவை. அந்த ஒலிப்பதிவு ஓடும் நேரத்தில் நாடு முழுக்க விமானம் ஏறி இறங்குவதையே நிறுத்தி வைக்கிறார்கள். பதிவு பெரும்பாலும் அமெரிக்க உச்சரிப்பில் இருப்பதால், பிள்ளை அதே ஒலியைக் கேட்டு வளரட்டும் என்று பெற்றோர் நினைப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் வேலைக்குப் போகும்போது அதே பிள்ளை எழுதும் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், 2006 முதல் அமெரிக்க உச்சரிப்போடு கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலிய உச்சரிப்புகளும் வருகின்றன. ஒரே உச்சரிப்புக்குப் பழகிய காது அங்கே தடுமாறும். 1995ல் வெளியான கனடா ஆய்வு ஒன்று இன்னொன்றையும் காட்டியது: கேட்பவருக்கு ‘வாடை பலமாக இருக்கிறது’ என்று தோன்றிய பேச்சையும் அவர் பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொண்டு எழுதிவிடுகிறார். வாடை வேறு, புரிதல் வேறு. ஆளெடுப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்; ஆக்சென்ட் வகுப்பு நடத்துகிறவரும் அதையேதான் செய்கிறார்.

அதற்காக நம் உச்சரிப்பில் திருத்த ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. எதைத் திருத்த வேண்டும் என்பதைக் கொரியக் காதை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஹாலிவுட்டை வைத்து முடிவு செய்வதால்தான் கோளாறு.

கொரிய மொழியில் பகரம் மூன்று விதம்: தளர்வாக ஒன்று, இறுக்கமாக ஒன்று, மூச்சைத் தள்ளி ஒன்று. தகரமும் ககரமும் அப்படியே. கொரியத்தில் புல்லுக்கு ‘புல்’ என்றே பெயர் என்று தமிழ்–கொரிய ஒற்றுமை பேசுகிறவர்கள் மகிழ்வார்கள். ஆனால் அந்தப் பகரம் மூச்சைத் தள்ளிச் சொல்வது. மூச்சில்லாமல் இறுக்கிச் சொன்னால் அது கொம்பு. தளர்த்திச் சொன்னால் நெருப்பு. நம் வல்லினத்தில் மூச்சு இல்லை. எனவே நாம் ‘பென்’ என்றால் கொரியக் குழந்தையின் காதில் அது இறுகிய பகரமாக விழுகிறது. ‘அப்பா’ என்ற சொல்லில் அவர்களுக்கும் நமக்கும் பொதுவாக இருக்கிறதே, அந்த ஒலி. திருத்துவது எளிது. நான்கு விரல் நீளத்துக்குக் காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்து உதட்டின் முன் தொங்கவிட்டு ‘பென்’, ‘டீ’, ‘கிங்’ சொல்ல வேண்டும். காகிதம் ஆட வேண்டும். ‘ஸ்பின்’, ‘ஸ்டாப்’, ‘ஸ்கை’ சொல்லும்போது ஆடக் கூடாது, ஏனென்றால் சகரத்துக்குப் பின் ஆங்கிலத்திலும் மூச்சு தள்ளப்படுவதில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் படித்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். மூச்சோடு வரும் ககரத்துக்கு அங்கே தனி எழுத்தே இருக்கிறது. ‘மலையாள வாடை’ என்று நக்கலடிக்கப்படும் நாக்கு இந்த இடத்தில் முந்திக்கொள்ளும்.

அடுத்தது சொல்லழுத்தம். ‘டெவலப்’ என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அழுத்த வேண்டியது இரண்டாவது அசை. ‘ஹோட்டல்’, ‘ஈவென்ட்’, ‘கரியர்’ எல்லாவற்றிலும் இதே பிழை. கொரியர்களும் அழுத்தத்தில் தவறுகிறவர்கள்தான், எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுப்பார்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தவறும்போது தவறு யாருக்கும் தெரியாமலே நிலைத்துவிடுகிறது. இப்படிப் பொதுவான பிழைகள் இன்னும் சில உண்டு. நாம் ‘பஸ்ஸு’ என்று உகரம் சேர்ப்பதுபோல அவர்களும் ‘பஸு’ என்பதற்கு நெருக்கமாகக் கடைசியில் ஓர் உயிரெழுத்தைச் சேர்ப்பார்கள். விலங்குக் காட்சிசாலைக்கான ஆங்கிலச் சொல்லை நாமும் ‘ஜூ’ என்போம், அவர்களும் அப்படியே. முன்பற்களைச் சேர்த்து, தேனீ ரீங்காரம்போல ஓசை விட்டு, தொண்டையில் விரல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்த்துப் பழக வேண்டியது அந்தச் சொல்லின் முதல் ஒலி. ‘எக்’ என்பதை ‘யெக்’ என்றும் ‘ஒன்லி’ என்பதை ‘வொன்லி’ என்றும் சொல்கிறோமே, அதையும் விட்டுவிட வேண்டும். காதுக்கும் வருடத்துக்குமான ஆங்கிலச் சொற்களைப் பிரித்துச் சொல்லக் கொரியப் பிள்ளைகள் ஏற்கெனவே திணறுவார்கள்; ஆசிரியரும் இரண்டையும் ‘யியர்’ என்றால் பாடம் அத்தோடு முடிந்தது. ஆங்கிலத்தில் வகரம் இரண்டு: ஒன்றுக்குக் கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும், மற்றதற்கு உதடு குவிய வேண்டும். நாம் நடுவில் நிற்கும் ஒரே வகரத்தால் இரண்டையும் ஓட்டிவிடுகிறோம்.

நம் பக்கம் பலமான இடத்தையும் பார்க்கலாம். கொரியத்தில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்து. ‘ரைஸ்’, ‘லைஸ்’ இரண்டும் அவர்கள் வாயில் கலந்துவிடும். சோறும் பேனும் ஒன்றாகிவிடும் என்பதால் ஆங்கில வகுப்புகளில் இது பழைய சிரிப்பு. நமக்கோ ர, ற, ல, ள, ழ என்று ஐந்து. நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் நிற்கிறது என்று சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்து வளர்க்கிறோம். அமெரிக்கர் சொல்லும் ரகரத்துக்கு உலக மொழிகளில் நெருங்கிய ஒலிகளில் ஒன்று நம் ழகரம்: நாக்கு மேலே வளைந்து, எதையும் தொடாமல் நிற்கும். ‘பழம்’ என்பதை ‘பளம்’ ஆக்காமல் சொல்லத் தெரிந்த ஆசிரியர், அமெரிக்க ரகரத்தை எப்படி எழுப்புவது என்று கொரியக் குழந்தைக்கு வாயின் படம் வரைந்தே விளக்கிவிடலாம். பிறவியிலேயே அதைச் சொல்லும் அமெரிக்கர் பலருக்குத் தாம் நாக்கை என்ன செய்கிறோம் என்று விளக்கத் தெரியாது. நேர்காணலில் இரண்டு நிமிடம் கிடைத்தால் ‘ஹாய் கய்ஸ்’ என்று இழுப்பதைவிட இதைச் செய்து காட்டலாம்.

மேலே சொன்னவற்றுக்கு ஒரு செல்போன் ஒலிப்பதிவும், தினம் இருபது நிமிடமும், ஆறேழு வாரமும் போதும். ஆயிரக்கணக்கில் கட்டணம் எதற்கு?

செலவு செய்ய வேண்டிய இடம் காகிதங்கள். முதலில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பட்டத்தில் முன்னால் ஓர் எழுத்தும், பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பா பெயராகவும் இருந்தால், அயல்நாட்டு அதிகாரிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். விண்ணப்பிக்கும் முன்பே எல்லா ஆவணத்தையும் ஒரே பெயருக்குக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரமாவது வேண்டும். அடுத்து அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காகப் பன்னாட்டு உடன்படிக்கைப்படி இடப்படும் சான்று. இந்தியாவில் 2005லும் கொரியாவில் 2007லும் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்துவிட்டதால், தூதரகச் சான்றொப்பத்துக்குப் பதில் இது போதும். பட்டச் சான்றிதழுக்கு மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம் முதலில் விழ வேண்டும். அது இல்லாமல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கிடைக்காது. அமைச்சகக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். வாங்கிக் கொடுக்கும் ஏஜென்சியின் சேவைக் கட்டணம் தனி. பட்டத்தை லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது, உரிக்கப் போனால் காகிதமும் சேர்ந்து வரும். பல்கலைக்கழகத்தில் நகல் பட்டம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதாகிவிடும்.

குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்கும் போலீஸ் கிளியரன்ஸாக இருக்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் தரும் நன்னடத்தைக் கடிதம் செல்லாது, ஏனென்றால் நாடு தழுவிய சான்றைத்தான் கேட்கிறார்கள். அதற்கும் அப்போஸ்டில் வேண்டும், ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கவும் வேண்டும். எனவே பட்டத்தின் வேலையை முதலில் முடித்து, நேர்காணல் நெருங்கும்போது இதை எடுப்பதே சரி. முன்கூட்டியே எடுத்து வைத்துக் காலாவதியாக்கி இரண்டாம் முறை அலைகிறவர்கள் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்த பின் 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு. அதோடு போதைப்பொருள் சோதனை உட்பட மருத்துவப் பரிசோதனை.

ஏஜென்ட் வழியாகப் போவதென்றால், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வோர் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், ரசீது தர வேண்டும். ‘ஆக்சென்ட் பயிற்சிக் கட்டணம்’ என்ற தலைப்பே இந்த வரம்பைத் தாண்டுவதற்கு வசதியான பொந்து.

கொரியாவில் இந்தப் பாகுபாட்டைச் சட்டத்தால் கேட்க முடியுமா என்றால், பெரிதாக வழியில்லை. அங்கே தொழிலாளர் சட்டத்தின் ஆறாவது பிரிவு நாட்டினத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அது வேலையில் சேர்ந்தவருக்குத்தான் கைகொடுக்கும், வாசலில் நிற்பவருக்கு அல்ல. பாகுபாட்டுத் தடைக்கான முழுமையான சட்டம் 2007 முதல் திரும்பத் திரும்ப முன்மொழியப்பட்டும் நிறைவேறாமல் கிடக்கிறது. மனித உரிமை ஆணையம் விசாரித்துப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான். ஆனாலும் கேட்டால் நடக்காது என்றில்லை. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியிருந்த எச்.ஐ.வி. சோதனையை எதிர்த்து நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவரை போனார். 2015ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது, 2017ல் கொரியா அந்தச் சோதனையைக் கைவிட்டது.

நம் அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சீபாவை மேம்படுத்தும் பேச்சுவார்த்தை 2016 முதல் நடந்துவருகிறது. இரும்பு, வாகன உதிரிபாகம் பற்றியெல்லாம் பேசும் அந்த மேசையில், துணை ஆசிரியர் பிரிவு காகிதத்திலேயே உறங்குவதையும் நம் நாடாளுமன்ற உறுப்பினர் எழுப்ப வேண்டும். ஒப்பந்தப்படி தகுதியுள்ள இந்தியரும் விண்ணப்பிக்கலாம் என்ற ஒரு வரியைக் கொரியக் கல்வி அலுவலகங்கள் தங்கள் அறிவிப்பில் அச்சிட்டாலே பாதிக் கதவு திறக்கும். எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டத்தின் உறுப்பினர் இதைக் கேட்பது பொருத்தமும்கூட.

அதற்கு முன், நம் வீட்டுத் திண்ணையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். ‘கான்வென்ட்டில் படித்தவர்கள் மட்டும்’ என்று ஆசிரியர் தேவை விளம்பரம் கொடுக்கும் பள்ளிகள் நம்மிடையே இல்லையா? குமரிக்காரர் வாயைத் திறந்ததும் ‘கேரளாவா?’ என்று கேட்கும் சென்னை நேர்காணல் அறைகள் இல்லையா? சியோல் செய்வதும் அதேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு ஆசிரியர் வேலை என்று வரும் வரி விளம்பரங்களில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணும், எந்த வகை விசா என்பதும் இல்லாவிட்டால் அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.